பதினொன்று நாற்பது

மூக்கையூர் ஐஸ் கம்பெனி.
ஞாயிறு, படகுகள் கடலுக்குப் போகாத நாள்.
நாளைக்கான கட்டிகள் உள்ளே உறைந்துகொண்டிருக்க
வாசலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி,
நண்டு வறுவல், நாங்கள் கொண்டுவந்த கேண்டீன் ரம்.
வைகுந்தத்துக்கு முட்டி போய்விட்டது, எனக்குச் சர்க்கரை.
சந்தியாகுவுக்கு ஒரு குறையும் இல்லை.
அரசாங்கம் அவனை அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை.

பீதரில் ஒரே அறை.
பிறகு வைகுந்தம்
லே வரைக்கும் அரிசியும் ஆட்டிறைச்சியும் சுமந்து பறந்தான்.
நான் ஜெட்டில் ஏறி
என் சத்தத்துக்கு முன்னால் ஓடப் பழகினேன்.
இருவர் புத்தகத்தையும் கூட்டினால்
ஏழாயிரத்துச் சொச்சம் மணி.
அவனுடையது
பதினொரு மணி நாற்பது நிமிஷம்,
அதில் தனியாக ஒரே ஒரு சுற்று.

ஆனாலும் மத்தியானம் முழுக்கப் பேச்சு
அந்தக் குட்டி எச்.டி.டூவை விட்டு
நூறடி மேலே ஏறவில்லை.

"ஆறு சிலிண்டர்" என்றான் வைகுந்தம்.
"நாலு. தலைகீழாத் தொங்கும்" என்றான் சந்தியாகு,
நண்டுக்காலை உறிஞ்சியபடி.
"தரையில் போறப்ப மூக்கு மறைக்குமா இல்லையா?
பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சுதானே போனோம்?"
ஆமாம், போனோம். எனக்கு மறந்துபோயிருந்தது.
பின்சீட்டில் பரூச்சா மெல்லும் கிராம்பும்,
பெட்ரோல் வாடையில் எனக்குக் குமட்டிய காலைகளும்,
மழை விட்டதும் ஓடுபாதை ஓரம்
செம்மண் விட்ட ஆவியும்
அவன் சொல்லச் சொல்ல எனக்குத் திரும்பி வந்தன,
கடன் வாங்கிய சாமான்கள் போல.

பரூச்சாவுக்கு ஒரு வழக்கம் உண்டு.
வானம் அழகாக இருக்கிறதே என்று
நாம் அசந்த நொடியில் திராட்டிலை இழுத்துவிடுவார்.
"இன்ஜின் போச்சு. எங்கே?"
ஐந்து எண்ணுவதற்குள்
ஒரு வயலை விரல் நீட்டிக் காட்டியாக வேண்டும்.
காட்டாவிட்டால் மண்டையில் விழும்
மடித்த வரைபடம்.

பன்னிரண்டாவது மணியில்
குறுக்குக் காற்றில் இறக்கியபோது
வால் முந்திக்கொண்டது.
பம்பரமாய்ச் சுற்றி, இறக்கை நுனி புல்லைச் சீவியது.
மூன்றாவது தடவை என்று எழுதினார்கள்.
அவன் பெட்டி கட்டியபோது
நாங்கள் குளிக்கப் போயிருந்தோம்.
இன்றுவரை அப்படித்தான்
சொல்லிக்கொள்கிறோம்.

அதைக் கேட்டுவிடலாமா என்று
நான் வாயெடுத்தபோது
கரண்ட் போனது.

கம்ப்ரஸர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.
அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே
அப்போதுதான் தெரிந்தது.
அலை மட்டும்.

மூன்று தலைகள் திரும்பின.
வைகுந்தம் கருவேலங்காட்டைப் பார்த்தான்;
அங்கேயே கிழிந்திருப்பான்.
நான் கடற்கரையை;
மணலில் சக்கரம் புதைந்து குப்புற விழுந்திருப்பேன்.

சந்தியாகு கையை நீட்டிவிட்டிருந்தான்.
"சவுக்குக்கு மேற்கே அந்தப் பொட்டல்.
இருநூத்தம்பது கெஜம். கச்சான் மூக்குக்கு நேரே.
நேத்து ஆட்டுக்காரன் ஒரு கிடை போட்டுட்டான்,
கொஞ்சம் வலப்பக்கமாப் பிடிக்கணும்."

நேற்று என்றான்.

கேட்கவில்லை நான், எத்தனை வருஷமாய் என்று.
மீன் ஏலத்துக்கு நடக்கையில்,
மாதா கோவில் படியில்,
மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட அன்று,
மழைக்குப் பின் சேறாகும் மூலை எது,
புதுக் கம்பி எங்கே இழுத்திருக்கிறார்கள் என்று
இந்தக் கரையை அவன் எப்படி வைத்திருக்கிறான் என்று.

"கிறிஸ்டோ, டீசலை ஊத்துடா!"
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு எழுந்தது.
"நண்டு ஆறுது, எடுங்க."

வலதுகையால் எடுத்தேன்.
இடதுகை இன்னும்
நாற்காலியின் கைப்பிடியை
முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது.